இரண்டு மணி நேரம் யாருக்கு?

மும்பையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டே மணி நேரம் என்கிறார்கள். கணக்கு சரிதான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 1,035 கிலோமீட்டர். நமது ரயிலோ புனே, சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா என்று சுற்றிச் சுமார் 1,280 கிலோமீட்டர் ஓடி, ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் அந்த இரண்டு மணி, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்து மறுபடி நிற்கும் வரை உள்ள நேரம். ஒரு மணி முன்னதாகவே கவுண்டரை மூடிவிடுவார்கள். இறங்கினவன் வீடு மீனம்பாக்கத்திலா இருக்கிறது? தாராவியில் நம்மவரில் பெரும்பாலோர் நெல்லைச் சீமையினர். எழும்பூரில் ரயில் பிடித்து இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும்.

இருந்தாலும் விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "அம்மா போய்விட்டாள்" என்று ஊரிலிருந்து போன் வந்தால் ரயிலை நம்பி என்ன பயன்? 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 60 நாளானது. சாவு 60 நாள் முன்னதாகச் சொல்லிக்கொண்டா வருகிறது? பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு போனவன் காடாற்றுக்குத்தான் போய்ச் சேருவான். முகம் பார்க்க முடியாது. அந்த வேளையில் விமானம் ஆடம்பரம் அல்ல, தோழர்களே.

அன்றைக்குத்தான் டிக்கெட் விலை ஏணி வைத்து ஏறி நிற்கும்! ரயில்வே குமாஸ்தா நான். கட்டணப் பட்டியல் எனக்குத் தெரியும். இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று இருக்கும். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கு விழும் காசு குறையும். (ராஜதானி, துரந்தோ, சதாப்தி வண்டிகளில் 2016 முதல் எங்கள் இலாகாவும் இந்த ஏலத்தைத் தொடங்கிவிட்டது, அதையும் நான் ஆதரிக்கவில்லை.) விமானத்துக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை. தூரம் அதே தூரம். தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு விலை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒரு விலை.

சந்தையில் அரசு தலையிட முடியாது என்பார்கள். தலையிட்டதே! 2020 மே மாதத்தில், பறக்கும் நேரத்தை 7 பிரிவாக்கி, கட்டணத்துக்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் வைத்தார்கள். 2022 ஆகஸ்ட் முடிய அது இருந்தது. 2025 டிசம்பரில் விமானங்கள் ஏராளமாக ரத்தாகி மக்கள் தவித்தபோது தூரத்தை வைத்து உச்சவரம்பு போட்டார்கள்: 500 கிலோமீட்டர் வரை ரூ. 7,500, 1,000 வரை ரூ. 12,000, 1,500 வரை ரூ. 15,000. நேர்கோட்டுக் கணக்கில் 35 கிலோமீட்டர் கூடிப்போனதால் நமது சென்னை ரூ. 15,000 பிரிவில் விழுகிறது. அது நம் தலையெழுத்து!

கூலிக்காரனுக்கு ரூ. 15,000 குறைந்த தொகையா? இல்லை. ஆனால் பணக்காரப் பயணிகள் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வாரத்தில் போட முடிந்த வரம்பை, எழவு வீட்டுக்கு ஓடுகிறவனுக்காக நிரந்தரமாகப் போட்டால் என்ன?

இதைக் கேட்டுச் சங்கம் மனு தயாரிக்கிறது. கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்கியவர்கள், கொடுத்த தொகையையும் பயணத் தேதியையும் எழுதி, ரசீதின் நகலோடு சங்க அலுவலகத்தில் சேர்க்கவும்.