கடைசியில் வருபவருக்கும் கைதட்டல்!

சனிக்கிழமை காலை மணி 9. இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பூங்காக்களில் ஒரே நேரத்தில் கூட்டம் கூடுகிறது.

கூட்டத்தில் யார் யார்? மாணவர்கள் இருக்கிறார்கள். தாத்தா, பாட்டிகள் இருக்கிறார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள்.

"புறப்படுங்கள்!" என்று ஒரு குரல் கேட்கிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். ஓட முடியாதவர்கள் நடக்கிறார்கள். தூரம் 5 கிலோமீட்டர். அதாவது, 3 மைலுக்குச் சற்று அதிகம்.

பரிசு கிடையாது. கோப்பை கிடையாது. கட்டணமும் கிடையாது!

இதற்குப் பெயர் "பார்க்ரன்". பார்க் என்றால் பூங்கா. ரன் என்றால் ஓட்டம். பூங்காவில் ஓடுவதால் இந்தப் பெயர் வந்தது.

13 பேருடன் தொடக்கம்

இதைத் தொடங்கியவர் பால் சின்டன் ஹெவிட். இவர் தென் ஆப்பிரிக்காவில் வளர்ந்து, இங்கிலாந்தில் குடியேறியவர். ஓட்டத்தில் ஆர்வம் மிக்கவர். 2004-ல் இவருக்குக் காயம் ஏற்பட்டது. ஓட முடியவில்லை. ஓட்ட நண்பர்களை விட்டுப் பிரியவும் மனம் வரவில்லை.

"நான் ஓடாவிட்டால் என்ன? நண்பர்கள் ஓடட்டும். நான் நேரம் குறிக்கிறேன்" என்று முடிவு செய்தார்.

2004 அக்டோபர் 2-ந் தேதி, சனிக்கிழமை. லண்டனில் மான்கள் திரியும் புஷி பூங்காவில் 13 பேர் ஓடினார்கள். 5 பேர் உதவினார்கள். ஓடி முடித்தவர்களுக்கு வரிசை எண் கொடுக்க வேண்டுமே! இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்களில் எண்களைப் பொறித்துக் கொடுத்தார்கள். ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து காபி குடிக்கப் போனார்கள்.

அடுத்த வாரமும் கூடினார்கள். அதற்கு அடுத்த வாரமும் கூடினார்கள். 2007-ல் விம்பிள்டனில் இரண்டாவது ஓட்டம் தொடங்கியது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. கடல் கடந்தும் சென்றது. சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 2014-ல் தொடங்கியது. மலேசியாவிலும் நடக்கிறது. இன்று உலகில் 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் இந்த ஓட்டம் உண்டு.

இங்கிலாந்தில் ஹேவரிக் என்ற ஊர்ச் சிறைச்சாலைக்கு உள்ளேயும் 2017-ல் இந்த ஓட்டம் தொடங்கியது. கைதிகளும், சிறை ஊழியர்களும் சேர்ந்து ஓடினார்கள்.

வேகம் குறைந்தது, வெற்றி கூடியது

இதில் ஓர் அதிசயம் உண்டு.

2005-ல் இந்த ஓட்டத்தை முடிக்கச் சராசரியாக ஒருவருக்குச் சுமார் 22 நிமிடம் ஆயிற்று. பின்னர் அது அரை மணிக்கு மேல் போய்விட்டது!

"ஓட்டக்காரர்கள் சோம்பேறி ஆகிவிட்டார்களா?" என்று கேட்கலாம். இல்லை. முதலில் வந்தவர்கள் பழகிய ஓட்டக்காரர்கள். பிறகு வந்தவர்கள் சாதாரண மக்கள். உடல் பருத்தவர்கள் வந்தார்கள். வயதானவர்கள் வந்தார்கள். வாழ்நாளில் ஒருநாளும் ஓடாதவர்கள் வந்தார்கள். அதனால்தான் சராசரி நேரம் கூடியது.

மற்ற பந்தயங்களில் நேரம் குறைந்தால் வெற்றி. இங்கே நேரம் கூடியதே வெற்றி!

வேகமாக ஓடத் தெரிந்தவனுக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. "எல்லோரும் சிரிப்பார்களே! நான்தான் கடைசியில் வருவேனே!" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவரை வெளியே அழைத்து வருவதுதான் கடினம்.

அதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவருக்கு முன்னால்தான் நீங்கள் முடிப்பீர்கள். ஆகவே, வந்தவர் யாரும் கடைசி ஆள் அல்ல. கடைசி இடம் எப்போதும் தொண்டருக்கே!

இந்த ஒரு விதி, ஆயிரம் கோப்பைகளைவிடப் பெரிது.

டாக்டர்களும் சேர்ந்தார்கள்

2018-ல் பிரிட்டனின் குடும்ப டாக்டர்கள் சங்கம் இந்த ஓட்டத்துடன் கைகோத்தது. நோயாளிகளிடம், "சனிக்கிழமை பூங்காவுக்குப் போங்கள், ஓடுங்கள், அல்லது நடங்கள், அல்லது நின்று உதவி செய்யுங்கள்" என்று டாக்டர்களே சொல்ல ஏற்பாடு ஆயிற்று.

மருந்து உடம்பைக் கவனிக்கும். தனிமையில் வாடுபவருக்கு நாலு பேர் முகம் பார்த்துச் சிரிப்பதும் மருந்துதானே?

கட்டணத் தகராறு

ஆனால், எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை.

பிரிஸ்டல் நகருக்கு அருகே லிட்டில் ஸ்டோக் என்ற இடத்தில் ஒரு பூங்கா உண்டு. 2016-ல் அதன் ஊராட்சி மன்றம், "வாரந்தோறும் இத்தனை பேர் ஓடினால் பாதை தேயாதா? செலவை வரி கட்டும் ஊர் மக்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? பணம் கொடுங்கள்" என்று கேட்டது.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பூங்கா தானாக வளராது. அதைப் பராமரிக்கப் பணம் வேண்டும்.

ஆனால், ஓட்டத்தை நடத்துபவர்கள் இணங்கவில்லை. "ஓட்டம் எல்லோருக்கும் இலவசம் என்பதுதான் எங்கள் அடிப்படை. இங்கே பணம் கொடுத்தால் நாளை எல்லா ஊரிலும் கேட்பார்கள்" என்றார்கள். முடிவு? லிட்டில் ஸ்டோக்கில் ஓட்டம் நின்றது. 2017-ல் பிரிட்டன் அரசே தலையிட்டு, இப்படிப்பட்ட இலவச ஓட்டங்களுக்குக் கட்டணம் கேட்பதைத் தடுப்பது பற்றி மக்களின் கருத்தைக் கேட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பவுன் பணம் சிலருக்குப் பெரிதல்ல. ஆனால், நாலு பேர் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு வாரம் நாலு பவுன் பெரிது. யாருக்கு ஓட்டம் மிகவும் தேவையோ, அவர்தான் முதலில் நின்றுவிடுவார். பூங்காவைக் காக்கும் செலவைவிட, நோயைத் தீர்க்கும் செலவு அதிகம் அல்லவா?

சாதனைப் பட்டியல் நீக்கம்

2024 பிப்ரவரியில் இன்னொரு சர்ச்சை. மிக வேகமாக ஓடியவர்கள், அதிக முறை முதலில் வந்தவர்கள் போன்ற சாதனைப் பட்டியல்களை இணையதளத்திலிருந்து நீக்கினார்கள். புதியவர்கள் அவற்றைப் பார்த்துத் தயங்கக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

"உழைத்து ஓடியவரின் பெருமையை மறைப்பதா?" என்று பலர் எதிர்த்தார்கள். அவர்கள் மனக்குறையும் புரிகிறது. ஆனால், அவரவர் ஓடிய நேரம் இன்றும் வெளியாகிறது. வேகமாக ஓடுபவருக்குப் பந்தயங்கள் பல உண்டு. மெதுவாக வருபவருக்கு இருக்கும் இடங்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றையாவது அவருக்காகக் காப்பது நியாயமே.

சேருவது எப்படி?

மிக எளிது. இணையதளத்தில் ஒரே ஒரு தடவை பெயரைப் பதிந்தால், கோடு கோடாக அச்சிட்ட சீட்டு கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாதாரணக் காலணி போதும். புதிதாக வந்தவர்களைத் தனியே அழைத்து, வழியையும் விதிகளையும் சொல்லித் தருவார்கள். 11 வயதுக்குக் குறைந்த குழந்தைகள், பெரியவரின் கை எட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும்.

இதய நோய் போன்ற உடல்நலக் குறைவு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்பது நல்லது. முதல் நாள் முழுவதும் நடந்தாலும் தவறில்லை.

நேரம் குறிப்பவர், திருப்பங்களில் நின்று வழி காட்டுபவர், சீட்டைச் சரிபார்ப்பவர் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஒரு வாரம் ஓடியவர், மறுவாரம் கொடி பிடித்து நிற்பார். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற வேலை இது. தொண்டர் கிடைக்காவிட்டால் ஓட்டம் இல்லை. ஆகவே, இலவசம் என்பது சும்மா வந்தது அல்ல. யாரோ ஒருவர் தம் காலைத் தூக்கத்தை விட்டுக் கொடுத்ததால் வந்தது.

கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் ஓட்டம் நின்றது. இங்கிலாந்தில் 2021 ஜூலை 24-ந் தேதிதான் மீண்டும் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் பிரிந்திருந்தவர்கள் அன்று பூங்காக்களில் திரும்பக் கூடினார்கள்.

முதலில் வருபவரைப் பாராட்ட உலகம் எப்போதும் தயார். கடைசியில் வருபவருக்காகக் காத்திருந்து கை தட்டுகிற கூட்டம் அபூர்வம். அப்படி ஒரு கூட்டம் உங்கள் ஊரில் இருந்தால், போய்ச் சேருங்கள். தனியாகப் போகாதீர்கள், தயங்கி நிற்கும் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்!