வழியில் வண்டி நின்றால்...



கோடை விடுமுறை என்றதும் நம் மனம் பயணத்தை நாடுகிறது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, தாத்தா பாட்டியையும் ஏற்றிக்கொண்டு, காரிலோ வேனிலோ கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரிக்கும் புறப்பட்டுவிடுகிறோம். எங்கே தங்குவது, எதை உடுத்துவது என்றெல்லாம் ஒரு மாதத்திற்கு முன்பே திட்டமிடும் நாம், நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படிப் பேசுவதே அபசகுனம் என்று வாயை மூடச் சொல்லும் பெரியவர்களும் நம் வீடுகளில் உண்டு.

வண்டி ஓர் இயந்திரம். இயந்திரம் என்றாவது ஒரு நாள் பழுதாகத்தான் செய்யும். பழுது வரும் நேரம் நம் கையில் இல்லை. ஆனால் அதன் பின் வரும் அரை மணி நேரத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றியே இங்கு சில கருத்துகளைக் கூற விரும்புகிறோம்.

வண்டி நின்றதும் பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது என்ன? ஆண்கள் இறங்கிப் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உள்ளேயே அமர்ந்திருப்பார்கள். "வெயிலில் இறங்காதேம்மா, உள்ளேயே உட்கார்" என்று அப்பா அன்போடுதான் சொல்வார். ஆனால் அந்த அன்பில் பேராபத்து ஒளிந்திருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். அதன் ஓட்டுநர் சற்றே கண் அயர்ந்தால் போதும். ஓரமாக நிற்கும் காரின் பின்பகுதியே முதலில் நொறுங்கும். அங்கே அமர்ந்திருப்பவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே முதல் கவனம் மனிதர்மீது இருக்க வேண்டும்; இயந்திரம் காத்திருக்கலாம். வண்டி உருளும் நிலையில் இருந்தால் சாலையை விட்டு இயன்றவரை இடப்புறம் ஒதுக்க வேண்டும். நான்கு பக்கமும் மின்னும் எச்சரிக்கை விளக்குகளைப் போட வேண்டும். பின்பு அனைவரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்கி, சாலையை விட்டு விலகி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கும் அப்பால் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நிற்பது தவறு. பின்னாலிருந்து இடிபட்டால் அது முன்னோக்கித்தான் பாயும். பாட்டியின் கையைப் பிடித்து இறக்குவதும், தம்பி தங்கையரைச் சாலைப் பக்கம் ஓடவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம்மால் ஆகும் பெரும் பணிகள்.

அடுத்து, பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கை தர வேண்டும். ஒளியைப் பிரதிபலிக்கும் முக்கோணப் பலகையை வண்டிக்கு அருகிலேயே சாய்த்து வைப்பவர்கள் பலர். 50 மீட்டர் பின்னால் வைத்தால்கூட, மேற்கூறிய லாரி ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்குச் சற்று அதிகமான நேரமே. ஆகவே நெடுஞ்சாலையில் அதனினும் தள்ளி வைப்பதே நல்லது. மலைப்பாதையில் வளைவைத் தாண்டி வண்டி நின்றிருந்தால், பலகையை வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும். வளைந்து திரும்பிய பின் கண்ணில் படும் எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்?

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. பலகை இல்லாதவர்கள் பெரிய கற்களையும் மரக்கிளைகளையும் சாலையில் வைத்து வண்டியைக் காத்துக்கொள்கிறார்கள். பழுது நீங்கியதும் வண்டி போய்விடுகிறது. கற்கள் மட்டும் அங்கேயே கிடக்கின்றன. இரவில் அவ்வழியே மோட்டார் சைக்கிளில் வருபவர் அக்கல்லில் மோதி விழுந்தால் அவர் குடும்பத்தின் கதி என்ன? நம்மைக் காக்க வைத்த கல் பிறரைக் கொல்லும் கல்லாக மாறலாமா? வேறு வழியின்றிக் கல்லை வைத்தவர்கள், புறப்படும் முன் அதை அப்புறப்படுத்துவதையும் பயணத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

வண்டியைப் பழுது பார்ப்பது ஆண்களின் வேலை, நமக்கு எதற்கு என்று நம்மில் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு வரலாறு நல்ல பதில் வைத்திருக்கிறது. மோட்டார் காரில் முதல் நெடும்பயணம் செய்தவர் ஒரு பெண். இரு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்ட ஒரு தாய். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886-ஆம் ஆண்டு தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலேயே, 15 வயதும் 13 வயதும் ஆன தம் மைந்தர் இருவரையும் அழைத்துக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

வழியில் பழுதுகளுக்குக் குறைவில்லை. எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது தம் காலுறைப் பட்டியைச் சுற்றிச் சரி செய்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லாக் என்னும் ஊரில் மருந்துக் கடைக்குச் சென்று, கறை நீக்க விற்கப்பட்ட திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். மேடு வந்த இடங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி அடித்தார்.

தொப்பி ஊசி அக்காலத்தில் எல்லாப் பெண்களிடமும் இருந்தது. அதை எங்கே குத்த வேண்டும் என்ற அறிவுதான் பெர்த்தாவைக் கரை சேர்த்தது. அந்த அறிவு நமக்கும் வேண்டும் என்பதே எம் வாதம்.

நாம் எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று கூறவில்லை. அடிப்படையான சிலவற்றைத் தெரிந்துகொள்ளலாம். சூடேறி ஆவி கக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றும் முன் வண்டி சமதரையில் நிற்கிறதா என்று பார்த்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எதிர்ப்புறச் சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டவே கூடாது.

சமையலறையில் கொதிக்கும் குக்கரை எப்போது திறக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த அம்மாவுக்கு ரேடியேட்டர் பாடம் கடினமானதா? தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, ஊசி மாற்றி, பெல்ட்டைச் சரி செய்யும் கைகளுக்கு நான்கு நட்டு முடுக்கத் தெரியாதா? "உனக்கு வராது" என்று பிறர் சொல்லிச் சொல்லியே நாமும் நம்பிவிட்டோம்.

உதவி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணையும், எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்ணையும், யாருக்கேனும் காயம் ஏற்பட்டால் 108 என்ற எண்ணையும் அழைக்கலாம். "எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்டால் "ஒரு புளியமரத்தடியில்" என்று சொல்லிப் பயனில்லை. பயணத்தின்போது கிலோமீட்டர் கற்களைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கடைசியாகக் கண்ட கல்லில் இருந்த ஊரையும் எண்ணையும் சொன்னால் உதவி தேடி அலையாமல் வந்து சேரும். கைப்பேசியையே பார்த்துக்கொண்டு வருபவருக்கு இது எப்படித் தெரியும்?

இறுதியாக, பழுதான வண்டியைவிட வேதனை தருவது பழுதான பேச்சு. "சர்வீசுக்கு விடுங்கள் என்று அப்போதே சொன்னேனே" என்று ஒருவர் தொடங்க, "உங்கள் வீட்டார் தாமதம் செய்ததால்தான்" என்று மற்றவர் தொடர, வெயிலின் சூட்டைவிடச் சொல்லின் சூடு அதிகமாகிவிடும். யார் குற்றம் என்ற ஆராய்ச்சி வீடு திரும்பிய பின் நடக்கட்டும். அந்த நேரத்தில் கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்து நிழலில் எல்லாருக்கும் பரிமாறுபவளே குடும்பத்துக்குப் பெரும் உதவி செய்தவள் ஆவாள்.

தோழியரே! வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது முன்னோர் மொழி. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஸ்டெப்னியை இறக்கச் சொல்லுங்கள்; அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் முக்கோணப் பலகையும் உள்ளனவா என்று பாருங்கள். ஒரு முறை உங்கள் கையாலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். முதலுதவிப் பயிற்சி போல இதற்கும் ஆண்டுக்கு ஒரு நாள் நம் பள்ளி ஒதுக்குமானால் நாம் மகிழ்ச்சியோடு வரவேற்போம். இருட்டும் நேரத்தில், ஆளில்லாச் சாலையில் வண்டி நின்றால், "நீ உள்ளே உட்கார்" என்று சொல்லப்படும் பெண்ணாக நாம் இருக்க வேண்டாம். "அப்பா, நீங்கள் பாட்டியை இறக்குங்கள், நான் பலகையை வைத்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லும் பெண்ணாக இருப்போம்.