மாப்ளையின் ஸ்டிக்கர் மிஷினும் 12,000 ரூபாய் போர்டும்

போன வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் லீவு நாள், இழுத்துப் போர்த்தித் தூங்கலாம் என்றால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மாமா பையன் போன்.

"மச்சான், ஸ்டிக்கர் வெட்டற மிஷினை ஆன் பண்ணுனா கடகடன்னு சத்தம் போட்டு எரர் காட்டுதுங்க. வித்தவங்க போர்டு போச்சுங்கறாங்க. 12,000 ஆகுமாம்."

நான் பி.காம். மிஷினுக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எழுதத் தெரியும், ஸ்குரூ கழற்றத் தெரியாது :-) பக்கத்து ஃபிளாட்டில் சைன்போர்டு வேலை பார்க்கும் தூத்துக்குடி நண்பரை எழுப்பினேன்.

"முதல்ல கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க" என்றார். அப்படியும் அதே எரர். ஆக, கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. ஆன் செய்ததும் கத்தி மாட்டிய தலை ஓரத்துக்கு ஓடி அங்குள்ள சென்சாரைத் தேடுமாம்; அதுதான் மிஷினுக்குப் பூஜ்யம். வழியில் ஏதாவது தடுத்தால் மோட்டார் முட்டிப் பார்த்துவிட்டு எரர் போட்டுவிடும். பிளக்கைப் பிடுங்கி, தலையைக் கையால் மெதுவாக நகர்த்தச் சொன்னார். ஓரத்தில் இடித்தது. உள்ளே நகத்தளவு வினைல் துண்டு! எடுத்துவிட்டு, சென்சாரைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்ததும் ஓடிவிட்டது.

எப்போதும் இப்படியே முடியாது. பெல்ட் தளரலாம், சென்சார் வயர் அறுந்திருக்கலாம், போர்டே போயிருக்கலாம். ஆனால் போர்டு கடைசியில் பார்க்க வேண்டியது.

என் ஆதங்கம் வேறு. அது முத்ரா கடனில் வாங்கிய மிஷின். 2015-ல் வந்த திட்டம். 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்'. ஊரில் வங்கியில் இருந்தபோது நானே கொட்டேஷன் கேட்டிருக்கிறேன், ஜிஎஸ்டி பில் கேட்டிருக்கிறேன். "நின்று போனால் யார் வந்து பார்ப்பார்கள்?" என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. மிஷின் நின்றாலும் தவணை நிற்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

சித்தூர் பக்கமும் மூணாறு பக்கமும் நம்மவர்கள் தமிழில் அரசுக்கு மனு எழுதலாம். 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நாள் முழுக்கத் தமிழும் மலையாளமும் வெட்டுகிற மிஷினுக்கு மட்டும் கோளாறு சொல்ல ஆங்கிலம்தான். தமிழிலோ மலையாளத்திலோ ஒரு பக்கக் குறிப்பு தராத விற்பனையாளருக்கு வங்கி பணத்தை விடுவிக்கக் கூடாது என்பேன். யூடியூப் இருக்கே என்பீர்கள். வாசலில் நாலு ஜீப்காரர் நிற்கும்போது எந்த வீடியோவைத் தேடுவது, சொல்லுங்கள்.

சாயங்காலம் மாப்ளை போட்டோ அனுப்பினான். ஆட்டோவுக்கு முன்னால் மலையாளம், பின்னால் தமிழ். தமிழில் ஒரு ஒற்று விட்டுப் போயிருந்தது. அதற்கு மிஷின் பொறுப்பில்லை :-)