மைலேஜ் கூட்டும் பிளக் ஒயர்: வாங்கலாமா?

காய்கறியும் பூவும் ஏற்றிச் சந்தைக்கு ஓடும் குட்டியானை வைத்திருப்பவர்களுக்கு, பெட்ரோல் செலவுதான் பெரிய தலைவலி. அதைப் பார்த்தே உதிரிபாகக் கடைகளிலும் இணையத்திலும், 'மாட்டினால் மைலேஜ் கூடும்' என்று தடித்த வண்ண வண்ண பிளக் ஒயர்கள் விற்கப்படுகின்றன. என் கருத்தில், இதற்காகக் கொடுக்கும் பணம் வீண்.

டிராக்டர், டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டீசல் இன்ஜினில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஸ்பார்க் பிளக்கும் இல்லை, அதற்கு ஒயரும் இல்லை. புதிய பெட்ரோல் வண்டிகள் பலவற்றிலும் காயில் நேரடியாகப் பிளக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மீதி இருப்பவை பழைய பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளும், பவர் வீடர், விசைத்தெளிப்பான் போன்ற சிறு இன்ஜின்களும்தான்.

இவற்றில் ஒயரின் வேலை, காயிலில் உண்டாகும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தைக் கசியாமல் பிளக்கில் சேர்ப்பது. பொறி விழுந்து கலவை பற்றிக்கொண்டால் அதோடு அதன் வேலை முடிந்தது. ஏற்கெனவே சரியாக எரியும் கலவையில் பொறியைப் பெரிதாக்கினால் பெட்ரோலிலிருந்து கூடுதல் சக்தி வந்துவிடாது. கம்பெனி ஒயரின் மின்தடையைக் குறைபாடு என்கிறார்கள் விற்பவர்கள். அது மின் இரைச்சலை அடக்குவதற்காகத் தெரிந்தே வைத்தது. அதை எடுத்துவிட்டால் ரேடியோ கரகரக்கும். சில வண்டிகளில் சென்சார்களும் குழம்பும்.

பிறகு ஏன் சிலர் 'மாட்டினேன், மைலேஜ் கூடியது' என்கிறார்கள்? பெரும்பாலும் அவர்கள் கழற்றிய ஒயர் வெடித்துக் கசிந்ததாக இருக்கும். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒயர் ஓரமாக நீலப்பொறி தெரிந்தால் கசிவு. கையால் தொட வேண்டாம். அப்படி இருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் சாதாரண கம்பெனி ஒயரே போதும். அது போன மைலேஜைத் திரும்பக் கொடுக்கும். இல்லாத மைலேஜைக் கொடுக்காது.

அமெரிக்காவில் 'ஸ்ப்ளிட்ஃபயர்' என்ற பிளக் கம்பெனி இப்படி எரிபொருள் மிச்சம் என்று விளம்பரம் செய்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1997-ல் நடவடிக்கை எடுத்தது. நாமே அளந்து பார்க்க வேண்டியதுதான். டேங்கை முழுதாக நிரப்பி, ஒரே வழியில், ஏறக்குறைய ஒரே பாரத்தோடு ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். ஒரு முறை போதாது; நாலைந்து தடவை பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மாதம் 1,500 கி.மீ. ஓடி, லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 100 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் டயரில் காற்றைச் சரிபாருங்கள். புழுதிச் சாலையில் ஓடுவதால் ஏர் பில்டரைக் கவனியுங்கள். காலாவதியான பிளக்கை மாற்றுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியும் பார்க்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையினர் இயந்திரப் பராமரிப்பு முகாம்களில் டிராக்டரோடு நிறுத்தாமல், இந்தச் சிறு பெட்ரோல் இன்ஜின்களுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி, நல்ல ஒயரையும் கசியும் ஒயரையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.