துணைக்கு ஓர் ஆள் இருந்தால் வேலை ஏன் நகர்கிறது?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: “எங்களுக்கு ஒரு ஏக்கர் இறவை நிலம். நிலக்கடலை போட்டு 22 நாள் ஆகிறது. போன வருடம் வரை வீட்டுக்காரரும் நானுமாக ஒரு வாரத்தில் களை எடுத்து முடித்துவிடுவோம். தை மாதம் அவர் தவறிவிட்டார். இப்போது காலையில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். அரை வரிசை எடுப்பதற்குள் கை ஓடவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். குழுவில் கடன் வாங்கித்தான் விதை வாங்கினேன். கூலி ஆள் வைக்கப் பணம் இல்லை. வரவு செலவு நோட்டும் நாலு மாதமாக எழுதாமல் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் சோம்பேறி ஆகிவிட்டாள் என்கிறார்கள். உடம்பில் குறை எதுவும் இல்லை. நான் என்ன செய்வது?”
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, திண்டிவனம் வட்டம்.

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சோம்பல் இல்லை. ஆண்டுக்கணக்கில் இரண்டு பேராகக் குனிந்து செய்த வேலையை இப்போது தனியாகச் செய்யப் பார்க்கிறீர்கள். பக்கத்து வரிசையில் கொத்துச் சத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்தச் சத்தம் நின்றால் கையும் நின்றுபோகும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. அப்பா போன வருடம், வரப்பு வெட்டும் வேலையை ஒரு மாதம் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருநாள் பக்கத்து வயல்காரர் ஆட்டை மேயவிட்டு, என் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மண்வெட்டியை அவர் தொடவே இல்லை. ஊர்க்கதை இரண்டு பேசினார், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஒரு பக்க வரப்பு முடிந்துவிட்டது. ஓர் ஆள் இருந்ததே போதுமாக இருந்தது.

நம் முன்னோர் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். ஏற்றம் இறைக்கும்போது மேலே ஒருவர், சாலடியில் ஒருவர், எண்ணிக்கைக்கு ஒரு பாட்டு. நடவுக்கும் பாட்டு உண்டு. ஒரு ஏர் தனியாக உழுவதைவிட, முன் ஏர் போன சாலில் பின் ஏர் போவதுதான் வழக்கம். கூலி கொடுக்க முடியாதவர்கள் ‘மாத்தாள்’ வைத்துக்கொண்டார்கள். இன்று உன் காட்டில் நான், நாளை என் காட்டில் நீ. உங்களுக்கும் நான் சொல்வது அந்த மாத்தாள் முறையைத்தான்.

முதலில் பயிரின் கணக்கைப் பார்ப்போம். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பயிருக்கு 30 நாள் தாண்டியிருக்கும். கடலைக்கு 40 முதல் 45 நாளுக்குள் களை எடுத்து, ஜிப்சம் போட்டு, மண் அணைத்துவிட வேண்டும். அதன்பிறகு விழுது மண்ணில் இறங்கத் தொடங்கிவிடும். அப்போது கொத்துப் போட்டால் விழுது அறுபடும், காய் குறையும். ஆகவே உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம்.

‘மாத்தாள் வைத்தால் அவள் காட்டுக்கும் நான் போக வேண்டுமே, என்ன லாபம்?’ என்று கேட்பீர்கள். ஆள்நாள் கணக்குப் பார்த்தால் ஒன்றும் கூடவில்லை, உண்மைதான். ஆனால், இப்போது உங்கள் ஒரு நாள் அரை வரிசையோடு முடிந்துவிடுகிறது. அது முழு நாளாக மாறினாலே லாபம்தான்.

செய்யும் முறை இது:

1. ஒரே ஒருவரைத் தேடுங்கள். உங்கள் குழுவிலேயே கடலை போட்டவர் இருப்பார். உங்களைவிட ஒரு வாரம் பிந்தி விதைத்தவராக இருந்தால் நல்லது. உங்கள் களை அவசரமாக இருக்கும்போது அவருக்குக் கொஞ்சம் பொறுக்க நேரம் இருக்கும்.

2. நேரத்தை முடிவு செய்யுங்கள். காலை 6 மணி என்றால் 6 மணி. அவர் உங்கள் வாசலில் வந்து கூப்பிட வேண்டும். பாதி வேலை இந்தக் கூப்பிடுதலிலேயே முடிந்துவிடும். தனியாக இருக்கும்போது கடினம் களை எடுப்பதில் இல்லை, வீட்டைவிட்டுக் கிளம்புவதில்தான்.

3. இருவரும் அடுத்தடுத்த வரிசையில் ஒன்றாகத் தொடங்குங்கள். ஒருவர் முந்திப் போனால், வரிசை முடிவில் திரும்பிவந்து மற்றவரின் மிச்சத்தை எதிரிலிருந்து எடுக்கட்டும். போட்டி வேண்டாம். இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிமிர்ந்து தண்ணீர் குடியுங்கள்.

4. யார் காட்டில் எத்தனை மணி நேரம் என்று அன்றன்றே எழுதுங்கள். மாத்தாள் உறவு முறிவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். அவருக்கு நிலம் குறைவாக இருந்து, உங்கள் காட்டில் கூடுதல் நாள் உழைத்தால், அறுவடையில் கடலைக்கொடி கொடுத்து நேர் செய்துகொள்ளலாம். மாடு வைத்திருப்பவர் மறுக்க மாட்டார்.

5. ஜிப்சம் போடும் நாளை இருவருக்கும் பொதுவாக வையுங்கள். ஏக்கருக்கு 160 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் மூன்றும் கொஞ்சமும். மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஒருவர் செடியின் ஓரமாக இட்டுக்கொண்டே போக, மற்றவர் பின்னால் மண் அணைத்து வரலாம்.

10 நாளில் முடியாது என்று தெரிந்தால், களை அடர்ந்த பகுதியை முதலில் முடியுங்கள். ஒரே ஒரு நாளைக்கு மட்டும் கூலிக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘இருவருக்குப் பதில் குழுவே வந்தால் என்ன?’ என்றும் தோன்றலாம். பிரான்ஸ் நாட்டில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் இருந்தார். ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்தார். 1913-ல் அதை வெளியிட்டார். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குக் குறைந்தது கொஞ்சம்தான். எட்டுப் பேர் ஆனதும், ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததில் பாதி அளவுக்குத்தான் இழுத்தார்கள். ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்க முடியாதது ஒரு காரணம், ‘மற்றவர் இழுக்கிறாரே’ என்ற நினைப்பு இன்னொன்று. கூட்டம் சேர்ந்தால் களைக்காட்டிலும் இதுதான் நடக்கும். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் போதும். ஆளுக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டால் யார் வேலை எது என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து, நோட்டுக் கணக்கு. இதற்கு அதே வேலை செய்யும் ஆள்கூட வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படிக்கும் பிள்ளை இருந்தால், மாலையில் திண்ணையில் ஒரே விளக்கில் உட்காருங்கள். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதட்டும், நீங்கள் கணக்கு எழுதுங்கள். நாலு மாதத்தையும் ஒரே நாளில் எழுதப் பார்க்காதீர்கள். முதல் நாள் குழுக் கடன், விதை, உழவு மூன்றும் போதும்.

யாருமே கிடைக்காத நாளில், காலையில் அக்காவுக்கோ தங்கைக்கோ போன் செய்து, ‘இன்றைக்கு நாலு வரிசை’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சாயங்காலம் எத்தனை முடிந்தது என்று அவரே கூப்பிட்டுக் கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. துணை கிடைத்தும் கை ஓடவில்லை, தூக்கம் பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே கூப்பிடுங்கள். மாடு படுத்துவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுகிறோம். நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

கேள்வி: “மகன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். தனியாகப் படிக்காமல் தினமும் நண்பன் வீட்டுக்குப் போகிறான். சேர்ந்து படித்தால் படிப்பு ஏறுமா, அரட்டைதான் ஏறுமா?”
- ஒரு வாசகர், உத்தமபாளையம்.

பதில்: இரண்டும் ஏறும். எதைப் படிக்கிறான் என்பதைப் பொறுத்தது. 1969-ல் ராபர்ட் சயான்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் கரப்பான் பூச்சியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நேராக ஓடும் பாதையில், மற்ற கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அது வேகமாக ஓடியது. திரும்பிப் போக வேண்டிய சிக்கலான பாதையில், கூட்டம் இருந்தபோது தடுமாறித் தாமதித்தது.

மனிதருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். பழகிய வேலைக்குப் பக்கத்து ஆள் வேகம் கொடுப்பார், புதிய வேலையில் தடுமாற வைப்பார். களை எடுப்பதற்குத் துணை நல்லது. ஒட்டுக்கட்டப் புதிதாகப் பழகுபவனைச் சுற்றி நாலு பேர் நின்றால் கத்தி கையில்தான் படும்.

ஆகவே, புதிய கணக்கையும் புதிய பாடத்தையும் காலையில் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் திரும்பப் பார்க்கவும், மாதிரித் தேர்வு எழுதவும் நண்பன் வீட்டுக்குப் போகட்டும். இரண்டு பேரின் செல்போனும் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு மணி நேரம் படிப்பு, பிறகு பத்து நிமிடம் பேச்சு. அரட்டைக்கும் நேரம் ஒதுக்கிவிட்டால் அது படிப்புக்குள் நுழையாது.

திண்டிவனம் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். மண் அணைத்து முடித்ததும் ஒரு அஞ்சலட்டை போடுங்கள். எத்தனையாவது நாளில் முடிந்தது என்று அறியக் காத்திருக்கிறோம்.