ரசீதின் தலையிலுள்ள எண்

கடையில் சாமான் வாங்கினாலும் ஓட்டலில் சாப்பிட்டாலும், கொடுக்கப்படும் ரசீதின் தலைப்பில் எழுத்தும் இலக்கமுமாய்ப் பதினைந்து கலந்த ஒரு எண் இருக்கக் காணலாம். இது 2017 ஜூலை 1-ந் தேதி முதல் இந்தியாவில் அமுலிலிருக்கும் ஜி.எஸ்.டி. வரியின் பதிவு எண்ணாகும். நம் ஜனங்களோ இதைக் கண்டவுடன், அர்த்தம் தெரியாத மந்திரத்திற்குத் தலை குனிவதுபோல், "நம்பர் போட்டிருக்கிறது, கொடுத்துத்தானே ஆகவேண்டும்" என்று கேட்ட வரியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த எண் மெய்யா பொய்யா என்று கேட்பாரில்லை.

இவ்வெண்ணில் யாதொரு ரகசியமும் கிடையாது. முதல் இரண்டு இலக்கம் ராஜ்யத்தைக் குறிப்பது, தமிழ்நாட்டிற்கு 33. அடுத்த பத்தும் வியாபாரியின் வருமான வரிப் பான் எண். அப்பத்தில் நாலாவது எழுத்து 'சி' என்றிருந்தால் கம்பெனி, 'பி' என்றிருந்தால் தனி ஆள். பிரைவேட் லிமிடெட் என்று பெரிய போர்டு மாட்டிக்கொண்டு, எண்ணில் தனி ஆளாய் நிற்கும் கனவான்களை இதிலேயே கண்டுகொள்ளலாம். கடைசி எழுத்தானது முன்னுள்ள பதினாலையும் கொண்டு கணக்குப் போட்டு வருவதாகையால், மனம் போனபடி கற்பித்த எண் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்ளும்.

ஆனால் அடுத்தவன் எண்ணைத் திருடிப் போட்டால் கணக்கு சரியாகவே வரும். ஆகவே ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். இதற்குக் கட்டணமில்லை, சிபாரிசும் வேண்டியதில்லை. சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடிருக்கிறதா ரத்தாய்விட்டதா என்பவை எல்லாம் வந்துவிடும். காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்த வியாபாரி என்று வந்தால், அவர் வாடிக்கைக்காரரிடம் தனியாக வரி வசூலிக்கவே சட்டத்தில் இடமில்லை.

எண்ணே இல்லாத சிறு கடைக்காரரைத் திருடரென்று நாம் சொல்லவரவில்லை. வியாபாரம் குறிப்பிட்ட அளவிற்கு மேற்படாதவர் பொதுவாகப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் பதியாதவர் வரியென்று ஒரு காசும் வாங்கக்கூடாது.

நிற்க, சென்ற மாதம் நாமும் நண்பர்கள் மூவரும் ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். சாப்பாடு 640 ரூபாய், வரி 32 ரூபாய் என்று ரசீது வந்தது. எண்ணைப் போட்டுப் பார்த்தால் பதிவு ரத்தாகி ஒரு வருஷத்திற்கு மேலாகியிருந்தது! கேட்டதற்கு முதலாளி, "அதெல்லாம் ஆடிட்டருக்குத்தான் தெரியும்" என்றார். அப்படியானால் அந்த ஆடிட்டர் வரும்வரை வரியைக் கொடுக்காமலிருக்கிறோம் என்றோம். பேசாமல் 32 ரூபாயைக் கழித்துக்கொண்டு பாக்கியை வாங்கிக்கொண்டார். நாங்கள் வெளியே வரும்போது, பக்கத்து மேஜையிலிருந்த கட்டிட வேலைக்காரர்களுக்கு அதே எண் போட்ட ரசீதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய் அவர்களுக்கும் காட்டினோம்.