தள்ளுவதற்கு மட்டுமா நம் கால்கள்?

காரவள்ளியிலிருந்து எங்கள் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாம் வகுப்பில் ஓட்டப் போட்டிக்காக முதன்முறை அந்தச் சாலையில் பேருந்தில் இறங்கினேன். பாதி வழியில் வாந்தி எடுத்தேன். கீழே போய், வெறுங்காலோடு 200 மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்தேன். பரிசு கொடுத்தவர் மைக்கில் சொன்னார்: "மலைசாதிப் பிள்ளைங்க இல்லையா, ஓட்டம் ரத்தத்திலேயே இருக்கு." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அது பாராட்டு அல்ல என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. விடியற்காலையில் எழுந்து நான் செய்த பயிற்சிக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. ஓடியது நான் அல்ல, என் ரத்தமாம்!

இந்தப் பழைய கதையைக் கிளறியது என் தம்பி மகள். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அத்தை, நம்ம மலைரோடு மாதிரியே வளைவு வளைவா இருக்கு, ஆனா முழுக்க ஐஸ்" என்றாள். பெண்கள் இருவர் பாப்ஸ்லெட் பந்தயம் அது. 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை இரண்டு பெண்கள் ஓடித் தள்ளி, பாய்ந்து ஏறிக்கொள்கிறார்கள். முன்னால் இருப்பவர் ஓட்டுநர். பின்னால் இருப்பவர் தள்ளுவதில் முக்கியப் பங்கு வகித்து, ஏறியதும் தலையைக் குனிந்துகொண்டு, கடைசியில் பிரேக் பிடிப்பவர். மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். வெற்றி தோல்வி நூறில் ஒரு நொடியில் முடிவாகும். தொடக்கத்தில் தள்ளுவதில் பிந்தினால், கீழே வரும்போது அந்த இடைவெளி இன்னும் பெருகிவிடும்.

ஆண்களுக்கு 1924 முதல் ஒலிம்பிக்கில் இருந்த இந்த விளையாட்டு, பெண்களுக்கு 2002இல்தான் கிடைத்தது. அந்த முதல் போட்டியிலேயே தங்கம் வென்ற அமெரிக்க இணையில் தள்ளியவர் வொனெட்டா ஃப்ளவர்ஸ். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஓட்டக்காரர். குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் அவர் அமர்ந்த இடத்தையும் கவனியுங்கள்: பின்னிருக்கை.

தடகளத்திலிருந்து கறுப்பினப் பெண்களைத் தேடித்தேடி அழைத்து வந்தார்கள், தள்ளுவதற்கு. கயிற்றைப் பிடித்து வண்டியைத் திருப்பும் வேலை என்று வந்தபோதோ, கறுப்பர்களால் அது முடியாது என்ற எண்ணம் இந்த விளையாட்டுக்குள் இருந்தது. இதை 2020இல் வெளிப்படையாக எழுதியவர் எலானா மேயர்ஸ் டெய்லர். 2010இல் பின்னிருக்கையில் அமர்ந்து வெண்கலம் வென்றவர் அவர். பிறகு ஓட்டுநராகி 2014இலும் 2018இலும் வெள்ளி வென்றார். 2022இல் மேலும் இரண்டு பதக்கங்கள். முடியாது என்றவர்கள் என்ன சொல்வார்கள்?

இதைப் படிக்கும்போது உங்களுக்கு நம் ஊர் நினைவுக்கு வரவில்லையா? உழைக்கும் உடல் ஒரு சாதிக்கு, முடிவெடுக்கும் மூளை இன்னொரு சாதிக்கு என்று பிரித்து வைத்ததுதானே இங்குள்ள ஒழுங்கு. விளையாட்டு மைதானத்தின் கோட்டுக்கு வெளியே அது செருப்பைப் போலக் கழற்றி வைக்கப்படுவதில்லை.

வந்தனா கட்டாரியாவை மறந்துவிடாதீர்கள். 2021 டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் வேறெந்த இந்தியப் பெண்ணும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. சில நாட்களில் அரையிறுதியில் அணி தோற்றது. ஹரித்துவார் அருகே ரோஷ்னாபாத்தில் அவருடைய வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகம் இருப்பதால்தான் தோல்வி என்று சிலர் வசைபாடியதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். ஜெயித்தால் நாட்டின் மகள், தோற்றால் சாதி. பின்னிருக்கைக்காரர்களின் நிலைமை இதுதான்.

"வாய்ப்பு கொடுத்தால் போதாதா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நைஜீரியப் பெண்களின் கதையைச் சொல்வேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்தில் ஓடிய செயுன் அடிகுன், அமெரிக்காவின் ஹூஸ்டனில் மரப்பலகைகளை வைத்துத் தானே ஒரு பயிற்சி வண்டி செய்தார். பொதுமக்களிடம் நிதி திரட்டினார். நாட்டில் பாப்ஸ்லெட் சங்கமே இல்லாதபோது அதையும் தொடங்கினார். 2018 பியோங்சாங்கில், ஒலிம்பிக் பாப்ஸ்லெட்டில் இறங்கிய முதல் ஆப்பிரிக்க அணி அவர்களுடையது. 20 அணிகளில் கடைசி இடம். ஆனால் வண்டியும் சங்கமும் அவர்களுடையவை, கயிறும் அவர்கள் கையில்.

கொல்லிமலைக்குப் பனிச்சறுக்குத் தடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்தியாவிலேயே பாப்ஸ்லெட் தடம் ஒன்றுகூட இல்லை. நான் கேட்பது வேறு. பழங்குடி, தலித் பிள்ளைகளிடம் திறமை தேடி வருகிறவர்கள் ஓடும் கால்களை மட்டும் எண்ணிக்கொண்டு திரும்புகிறார்கள். பயிற்சியாளர், தேர்வுக்குழு உறுப்பினர், விளையாட்டுச் சங்க நிர்வாகி, பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்பவர் ஆகிய நாற்காலிகளில் நம்மவர் எத்தனை பேர்? இட ஒதுக்கீடு என்றதும் "திறமை" பற்றிப் பாடம் எடுப்பவர்கள், தொடக்கத்தில் தங்களைத் தள்ளிவிட்ட கைகளைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை.

வீடியோ முடிந்ததும் தம்பி மகள் கேட்டாள்: "பின்னாடி இருக்கிற அக்காவுக்கு ரோடு தெரியுமா அத்தை?"

தெரியாது. தலையைக் குனிந்திருப்பதால் அவருக்கு எதுவுமே தெரியாது. ஓட்டுபவரை நம்பித்தான் அவர் போகிறார். பாப்ஸ்லெட்டில் அந்த நம்பிக்கைக்கு அர்த்தம் உண்டு, கவிழ்ந்தால் இருவரும்தான் கவிழ வேண்டும். சாதி ஓட்டும் வண்டியில் அப்படியில்லை, அங்கே அடிபடுவது தள்ளியவர் மட்டும்தான்.

இனி யாராவது மைக் பிடித்து, "ஓட்டம் உங்கள் ரத்தத்திலேயே இருக்கு" என்றால் கைதட்டாதீர்கள். உங்கள் தேர்வுக்குழுவில் எங்கள் மலையிலிருந்து எத்தனை பேர் என்று எழுந்து கேளுங்கள்.